பாதையை விற்கும் முன் யாரைக் கேட்கிறார்கள்?

"தோட்டம் கைமாறப் போகுதாம்" என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் போதும். பிரட்டுக் களத்திலும் கொழுந்து மடுவத்திலும் அன்றைக்கு வேறு பேச்சே இருக்காது. வரப்போகிற கம்பனி யாருடையது? பழைய சேவைக்காலம் கணக்கில் வருமா? செக்ரோலில் பேர் உள்ள எல்லாருக்கும் வேலை இருக்குமா? 1992ஆம் ஆண்டில் அரசாங்கத் தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போனபோது நம் குடும்பங்கள் கேட்ட கேள்விகள் இவைதான்.

இதே கேள்விகளைக் கேட்டவர்கள் வேறு நாட்டிலும், வேறு தொழிலிலும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் சிறிய புகையிரதப் பாதைகளை விற்பதும் வாங்குவதும் எப்போதும் நடந்துகொண்டிருக்கும் காரியம். அப்படி ஒரு பாதை விற்கப்படும்போது அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியை யார் கொடுக்கிறார்கள், கொடுக்கும் முன் யாரிடம் என்ன கேட்கிறார்கள் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

"கோச்சிப் பாதையை விக்கிறதா? அது கவருமெண்டு சொத்தாச்சே!" என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். நம் நாட்டில் புகையிரதம் ஒரு அரசாங்கத் திணைக்களம். அமெரிக்காவில் அப்படியில்லை. அங்கே சரக்கு ஏற்றும் பாதைகளில் மிகப் பெரும்பாலானவை தனியார் கம்பனிகளுக்குச் சொந்தம். தண்டவாளம், சிலிப்பர் கட்டை, பாலம், பாதை போகிற காணி எல்லாமே கம்பனியின் சொத்து. நாடு முழுக்க ஓடும் பெரிய கம்பனிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றோடு சேர்த்துச் சுமார் 600 சின்னக் கம்பனிகளும் இருக்கின்றன. பத்து மைல், ஐம்பது மைல், நூறு மைல் என்று ஒரு கிளைப் பாதையை வைத்துக்கொண்டு, ஒரு மர ஆலையிலிருந்தோ தானியக் களஞ்சியத்திலிருந்தோ பெட்டிகளை இழுத்துவந்து பெரிய பாதையில் சேர்ப்பதுதான் இவற்றின் வேலை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு 1903, 1904ஆம் ஆண்டுகளில் போடப்பட்டு, பிறகு இல்லாமற் போன அந்தச் சின்னப் பாதையைப் போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். அது அரசாங்கப் பாதை. அங்கே உள்ளவை முதலாளி உள்ள பாதைகள்.

அனுமதி கொடுக்கும் இடம்

தலைநகர் வாஷிங்டனில் தரைப் போக்குவரத்துச் சபை என்று ஒன்று இருக்கிறது. 1996 ஜனவரியில் தொடங்கியது. அதற்கு முன் இந்த வேலையை 1887ஆம் ஆண்டிலிருந்து வேறொரு ஆணைக்குழு பார்த்துவந்தது. பாதையை விற்கலாமா, வாங்கலாமா, மூடலாமா என்பதற்கெல்லாம் இந்தச் சபையின் உத்தரவு வேண்டும். முதலாளி தன் சொத்து என்பதற்காக ராவோடு ராவாகத் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போக முடியாது. ஒரு பாதையை நம்பி ஆலைகள், ஊர்கள், தொழிலாளர் குடும்பங்கள் இருப்பதால் அது முழுக்க முழுக்கத் தனியார் விஷயம் அல்ல என்பது அந்த நாட்டுச் சட்டத்தின் எண்ணம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அனுமதி என்பது ஒரே வாசல் இல்லை. பல வாசல்கள் உண்டு. எந்த வாசல் வழியாக விற்பனை போகிறதோ அதைப் பொறுத்துத்தான் தொழிலாளிக்குக் கிடைப்பதும் கிடைக்காததும்.

இரண்டு பெரிய கம்பனிகள் ஒன்றாகச் சேரும்போது சபை விரிவாக விசாரிக்கிறது. அந்தச் சேர்க்கையால் வேலை இழப்பவருக்கும் சம்பளம் குறைபவருக்கும் ஆறு ஆண்டுகள் வரை ஈடு கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் போடுகிறது. இது ஒரு வாசல்.

புதிதாக ஒரு கம்பனியைத் தொடங்கி ஒரு சின்னப் பாதையை வாங்குகிறவருக்கு வேறு வாசல். 1970களில் அமெரிக்கப் புகையிரதக் கம்பனிகள் பல நட்டத்தில் விழுந்தன. நூற்றுக்கணக்கான கிளைப் பாதைகள் மூடப்படும் நிலை வந்தது. "மூடுவதைவிட யாராவது ஒரு சின்ன முதலாளி வாங்கி ஓட்டட்டும், அவருக்கு வழியை லேசாக்கிக் கொடுப்போம்" என்று 1980ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 1985இல் பழைய ஆணைக்குழு போட்ட விதியும் வந்தன. அதன்படி வாங்குபவர் உறுதிப்படுத்திய ஒரு அறிவித்தலைச் சபைக்கு அனுப்பினால் போதும். யாரும் தடையுத்தரவு பெறாவிட்டால் 30 நாளில் அனுமதி தானாகவே நடைமுறைக்கு வந்துவிடும். அறிவித்தலில் பொய்யான தகவல் இருந்தால் அனுமதி செல்லாது. ஆனால் அந்த ஆறு ஆண்டு ஈட்டு நிபந்தனை இந்த வாசலில் சாதாரணமாகக் கிடையாது.

இந்த லேசான வழியால் பல பாதைகள் பிழைத்தன என்பது உண்மை. அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

பிட்ஸ்பர்க்கில் நடந்தது

பிட்ஸ்பர்க் என்பது இரும்பு உருக்காலைகளுக்குப் பெயர்போன நகரம். அந்த ஆலைகளுக்காகவே ஓடிய பழைய பாதை ஒன்று, பிட்ஸ்பர்க் அண்ட் லேக் ஈரி என்ற பெயரில், அங்கே இருந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட, பாதையும் நட்டத்தில் ஓடியது. 1987இல் அதன் முதலாளிகள் பாதையை விற்க முடிவு செய்தார்கள். வாங்க வந்தது இதற்கென்றே புதிதாகத் தொடங்கிய ஒரு கம்பனி. பழைய கம்பனியில் ஏறக்குறைய 750 பேர் வேலையில் இருந்தார்கள். புதிய கம்பனி தனக்கு வேண்டும் என்று சொன்னது ஏறக்குறைய 250 பேரை.

மூன்றில் இரண்டு பேருக்கு வேலை இல்லை என்றால் எந்தத் தொழிலாளிதான் சும்மா இருப்பான்? பேச்சுவார்த்தைக்குச் சங்கங்கள் நோட்டீஸ் கொடுத்தன. அந்த ஆண்டு செப்டெம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கியது. வேலைநிறுத்தம் தொடங்கிச் சில நாட்களிலேயே வாங்கும் கம்பனி அந்த லேசான வாசல் வழியாகத் தன் அறிவித்தலைப் போட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், 1989இல் தீர்ப்பு வந்தது. தொழிலை விற்றுவிட்டு விலகுவது முதலாளி எடுக்கும் முடிவு. சங்கம் நோட்டீஸ் கொடுத்துவிட்டது என்பதற்காக விற்பனையை நிறுத்திவைக்கக் கம்பனிக்குக் கடமை இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. விற்பனையால் வரும் பாதிப்பைப் பற்றிப் பேசும் கடமைக்கும் அது சின்ன எல்லையையே போட்டது.

அதற்குப் பிறகும் சங்கங்கள் இந்த விஷயத்தை விட்டுவிடவில்லை. 1997இல் சபை ஒரு விதியைக் கொண்டுவந்தது. ஆண்டுக்கு ஐந்து மில்லியன் டொலருக்கு மேல் வருமானம் வரக்கூடிய பாதையை வாங்குகிறவர், வாங்குவதற்கு 60 நாட்களுக்கு முன்பே அந்தப் பாதையின் வேலைத்தலங்களில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். அதன் பிரதியைச் சங்கங்களின் தலைமைக் காரியாலயங்களுக்கும் அனுப்ப வேண்டும். நோட்டீசில் என்ன இருக்க வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது: எந்த வகை வேலை, எத்தனை பேருக்கு, என்ன நிபந்தனையில், யாரை எந்த முறையில் தெரிவுசெய்யப் போகிறார்கள், எந்தப் பாதைகள் கைமாறுகின்றன.

இது வேலையைக் காப்பாற்றிக் கொடுக்கிற விதி அல்ல. அறுபது நாளைக்கு முன்பே தெரியப்படுத்துகிற விதி மட்டும்தான். சபையிடம் கேட்டு விலக்குப் பெறுகிற கம்பனிகளும் உண்டு. இருந்தாலும் இதைச் சின்ன விஷயம் என்று சொல்லிவிட முடியாது. "ஆளைக் குறைக்கப் போறாங்களாம்", "இல்லியாம், எல்லாரையும் எடுப்பாங்களாம்" என்று ஆளுக்கொரு கதை பேசி மனம் புழுங்குவதற்கும், எத்தனை பேர் என்ற எண்ணிக்கை பலகையில் ஒட்டியிருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. எண்ணிக்கை தெரிந்தால் அதை வைத்துப் பேச முடியும்.

மூடிய பாதையைக் கேட்டு வாங்கிய துறைமுகம்

இதுவரை பார்த்தது விற்க விரும்பும் முதலாளியின் கதை. விற்கவும் மாட்டேன், ஒழுங்காக ஓட்டவும் மாட்டேன் என்று ஒருவர் இருந்தால்? அதற்கும் சட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது. அது எப்படித் திறந்தது என்பதை அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஒரிகன் மாநிலத்தில் நடந்த ஒரு சம்பவத்தை வைத்துப் பார்ப்போம்.

கூஸ் பே என்பது பசிபிக் கடலோரத்தில் உள்ள ஒரு சிறிய துறைமுக ஊர். சுற்றிலும் காடும் மலையும். மரம் அறுக்கும் ஆலைகள்தான் அந்தப் பக்கத்துப் பிழைப்பு. 1916இல் சதர்ன் பசிபிக் என்ற பெரிய கம்பனி, உள்நாட்டு நகரமான யூஜீன் பக்கத்திலிருந்து மலைகளைக் குடைந்து அங்கே பாதை போட்டது. வழியில் ஒன்பது சுரங்கங்கள். நம் மலைநாட்டுப் பாதையில் போய்வந்தவர்களுக்கு, மலையும் மழையும் சேர்ந்த இடத்தில் சுரங்கத்தைக் காத்துவருவது எவ்வளவு வேலை என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1994இன் கடைசியில் சதர்ன் பசிபிக் இந்தப் பாதையை ஒரு சின்னக் கம்பனிக்குக் கொடுத்துவிட்டது. அந்தச் சின்னக் கம்பனியை வைத்திருந்தது ரெயில்டெக்ஸ் என்ற தாய்க் கம்பனி. 2000ஆம் ஆண்டில் ரெயில்டெக்ஸை ரெயில் அமெரிக்கா என்ற கம்பனி வாங்கியது. 2007இன் தொடக்கத்தில் ரெயில் அமெரிக்காவை நியூயோர்க்கைச் சேர்ந்த ஃபோர்ட்ரஸ் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. பதின்மூன்று ஆண்டுக்குள் மூன்று கை. எல்லாம் சட்டப்படி நடந்த மாற்றங்கள்தான். ஆனால் இத்தகைய அனுமதிகளில் முக்கியமாகப் பார்ப்பது போட்டி குறையுமா, ஒருவரே எல்லாவற்றையும் பிடித்துவைத்துக்கொள்வாரா என்பதைத்தான். சுரங்கத்துக் கட்டை உளுத்திருக்கிறதா என்று பார்ப்பதற்கான விசாரணை அல்ல அது.

அந்த 2007ஆம் ஆண்டு செப்டெம்பரில், மூன்று சுரங்கங்கள் ஆபத்தான நிலையில் இருக்கின்றன என்று சொல்லிக் கம்பனி பாதையை நிறுத்தியது. ஆலைகளுக்குக் கிடைத்த முன்னறிவித்தல் ஒரே ஒரு நாள். பலகையும் மரக்கூழும் ஏற்றக் காத்திருந்த பெட்டிகள் நின்றன. ஆலைகள் லொறியைத் தேடி ஓடின. லொறிக்குக் கூலி அதிகம். மலைப் பாதையில் இத்தனை லொறி ஓடுவதும் லேசான காரியமில்லை. சுரங்கங்களைத் திருத்த வேண்டுமானால் மாநில அரசும், துறைமுகமும், சரக்கு அனுப்புகிறவர்களும் செலவில் பங்கு போட வேண்டும் என்று கம்பனி கேட்டது. மாதங்கள் போயின. சுரங்கம் திருத்தப்படவில்லை.

சட்டப்படி, ஆபத்து என்றால் பாதையைத் தற்காலிகமாக நிறுத்தலாம். அதற்கு அனுமதி தேவையில்லை. ஆனால் தற்காலிகம் என்று சொல்லி நிறுத்திவிட்டு அப்படியே விட்டுவிட்டால், அது அனுமதி இல்லாமல் பாதையை மூடியதாகிவிடும். 2008 ஏப்ரலில் சபை இதைத்தான் கம்பனியிடம் கேட்டது: நீங்கள் செய்திருப்பதைச் சட்டவிரோத மூடல் என்று ஏன் கொள்ளக்கூடாது, காரணம் காட்டுங்கள். அந்த உத்தரவுக்குப் பிறகு, ஜூலை மாதத்தில், பாதையை நிரந்தரமாக மூட அனுமதி வேண்டும் என்று கம்பனியே விண்ணப்பம் போட்டது.

இங்கேதான் துறைமுகம் குறுக்கே வந்தது. கூஸ் பே துறைமுகம் மாநிலத்தின் கீழ் உள்ள பொது அமைப்பு. "மூட வேண்டாம், எங்களுக்கு விற்கும்படி கட்டளை போடுங்கள்" என்று அதுவும் ஒரு விண்ணப்பம் போட்டது. கம்பனி மூட நினைக்கும் பாதையையோ, ஒழுங்காகச் சேவை செய்யாத பாதையையோ, பணவசதி உள்ள வேறொருவர் கேட்டால், முதலாளிக்கு விருப்பமில்லாவிட்டாலும் விற்க வைக்கச் சபைக்கு அதிகாரம் உண்டு.

விலை பேசுவதுதான் பெரிய இழுபறி. விற்கிறவர் ஒரு விலை சொன்னார், வாங்குகிறவர் ஒரு விலை சொன்னார். சட்டம் சொல்லும் கணக்கு இப்படி: அந்தப் பாதையை ஓடும் தொழிலாக வைத்திருந்தால் என்ன பெறுமதி, கழற்றி விற்றால் என்ன பெறுமதி, இரண்டில் எது கூடவோ அதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். நட்டத்தில் ஓடும் பாதைக்குப் பெரும்பாலும் இரண்டாவது கணக்குத்தான் வரும். தண்டவாளத்துக்கு இரும்பு விலை, கட்டைக்குக் கட்டை விலை, காணிக்குக் காணி விலை, அதிலிருந்து கழற்றும் செலவைக் கழித்துக்கொள்வது. பழுதாகி நின்ற தேயிலை ரோலரைப் பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துக் கொடுப்பது போலத்தான். கம்பனிக்கு நட்டம் வராது. ஊருக்கும் பாதை மிஞ்சும். 2008 அக்டோபர் கடைசியில் சபை தீர்ப்புச் சொன்னது: 111 மைல் பாதையை 16.6 மில்லியன் டொலருக்குத் துறைமுகத்துக்கு விற்க வேண்டும்.

தொழிலாளர் கவனிக்க வேண்டிய ஒரு வரி இந்தக் கட்டாய விற்பனைச் சட்டத்தில் இருக்கிறது. விற்கப்படும் பாதையில் வழக்கமாக வேலை செய்திருக்கக்கூடிய ஊழியர்களையே, முடிந்த அளவுக்கு, பயன்படுத்த வேண்டும் என்று சபை நிபந்தனை போட வேண்டும். 30 நாள் வாசலில் இப்படி ஒரு வரி இல்லை. பாதையும் தண்டவாளமும் ஒன்றுதான், வேலை செய்கிற ஆளும் ஒருவன்தான். விற்பனை எந்தப் பிரிவின் கீழ் நடக்கிறது என்பதை வைத்து அவனுக்கு உள்ள பாதுகாப்பு கூடுகிறது, குறைகிறது. சங்கத்துக்காரர்கள் விற்பனை என்று கேள்விப்பட்டவுடன் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, "எந்தப் பிரிவின் கீழ்?" என்பதைத்தான்.

நம் தோட்டங்களிலும் இதற்குக் கிட்டத்தட்ட ஒரு ஏற்பாடு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தோட்டக் காணி கம்பனிகளுக்குச் சொந்தமாக எழுதிக் கொடுக்கப்படவில்லை. நீண்ட காலக் குத்தகைக்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் பங்குகளை அரசு விற்றபோது, 'தங்கப் பங்கு' என்று ஒரு பங்கைத் திறைசேரிச் செயலாளரின் பெயரில் வைத்துக்கொண்டது. ஒரே பங்குதான். ஆனால் தோட்டக் காணியைக் கம்பனி வேறொருவருக்குக் கீழ்க்குத்தகைக்கு விடுவதென்றால், அந்தப் பங்கை வைத்திருப்பவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கம்பனியின் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கும் உரிமையும் அதற்கு உண்டு. அமெரிக்கச் சபையைப் போல ஊராரும் ஆட்சேபம் எழுதிப் போடக்கூடிய பகிரங்க இடம் அல்ல இது. கதவு இருக்கிறது, சாவி அரசாங்கத்திடம். நம் பகுதியில் இப்படி ஒரு கைமாற்றப் பேச்சு வந்தால், அந்தச் சம்மதம் எழுத்தில் பெறப்பட்டதா என்று தோட்டத் தலைவர் மூலமாகச் சங்கத்தைக் கேட்கச் சொல்லலாம்.

கூஸ் பேயில் தீர்ப்பு வந்தவுடனே கோச்சி ஓடிவிடவில்லை. தீர்ப்பு காகிதத்தில்தான் இருந்தது. சுரங்கங்கள் அப்படியே கிடந்தன. மத்திய, மாநில அரசுகளின் உதவிப் பணத்தைத் திரட்டி, சுரங்கங்களையும் பாலங்களையும் கட்டைகளையும் திருத்தி, 2011இல்தான் பாதை திரும்பத் திறந்தது. மூடியதிலிருந்து நான்கு ஆண்டுகள். தெற்குக் கோடியில் இருந்த மிச்சத் துண்டையும் சேர்த்தால் இப்போது துறைமுகத்தின் பாதை 134 மைல். முதலில் வேறொரு கம்பனியிடம் ஓட்டக் கொடுத்திருந்தார்கள். 2018 நவம்பரிலிருந்து வண்டிகளைத் துறைமுகமே தன் ஆட்களை வைத்து ஓட்டத் தொடங்கியது.